துறவின் வெளியும் உழைப்பின் பெயரும்: ஏழடிப்பட்டம் குறித்துச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன்பு எனக்கு ஒரு வேலை வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவொன்றில் கட்டப்பட்டுவந்த ஒரு தங்குமிடத்தின் விளம்பர ஏட்டுக்காகத் 'தமிழ் மரபில் மலையும் தனிமையும்' என்று இரண்டு பக்கம் எழுதித்தர வேண்டும். நண்பர் ஒருவர் மூலமாக வந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வாழ்த்து மடல், திறப்புவிழா வாசகம் என்று இந்த மாதிரி ஏதாவதுதான் வரும். ரிசார்ட் என்று எழுதிவிடக் கூடாது என்று முதலிலேயே எச்சரித்தார்கள். ரிட்ரீட். இயற்கைக்குக் கேடில்லாதது, வடிவமைப்பே உயிரானது, மனவிழிப்புள்ள பயணிகளுக்கானது. மரம் வெட்டவில்லை, சூரிய மின்சாரம், உள்ளூர்ச் சாப்பாடு. ஒவ்வொரு குடிலிலும் ஒரு கல்படுக்கை போடப்போகிறார்களாம், சித்தன்னவாசல் சமணர் படுக்கையின் மாதிரியில், தலைமாட்டில் தலையணை மேடு உட்பட. கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "உங்க பக்கத்துலேருந்துதான் சார்" என்றார்கள். அதனால்தான் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. கல்லும் புதுக்கோட்டை, எழுத்தும் புதுக்கோட்டை.

எழுதிக் கொடுத்தேன். முன்பணமும் வாங்கிக்கொண்டேன், அதை மறைப்பதற்கில்லை. நான் எழுதியதில் ஒரே ஒரு பத்தியை எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டார்கள். எடுக்கப்பட்டது படுக்கையைச் செய்தவர்களைப் பற்றிய பத்தி. "அது மட்டும் வேணாம் சார், மூடு மாறிடுது." சொன்னவர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கும் அன்றைக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் மூடு ஏன் மாறுகிறது என்ற கேள்வி போகவில்லை. துறவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். துறவி படுத்த கல்லைத் தேய்த்தவனைப் பற்றிப் பேசினால் மட்டும் ஏன் அமைதி கலைகிறது?

சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில் 16 கிலோமீட்டர். எங்கள் பக்கத்தில் மலை என்றால் மேகம் வந்து படுக்கிற மலை அல்ல. வெயிலில் பொரிகிற மொட்டைப் பாறை. நார்த்தாமலை, குடுமியான்மலை எல்லாம் இந்த ரகம்தான். மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்குள் உச்சி வந்துவிடும். கீழே சிறுவர் பூங்கா, படகு விடுகிற குளம். ஒரு பக்கம் அறிவர் கோயில். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அதைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. விதானத்தில் தாமரைக் குளம், அன்னங்கள், மீன்கள், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். மிச்சமிருப்பது கொஞ்சம்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை பஸ்ஸில் கொண்டுவந்து இதைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஏழடிப்பட்டத்துக்கு மலையேறி மறுபுறம் இறங்க வேண்டும் என்பதால் வாத்தியார்கள் பயப்படுகிறார்கள். நியாயம்தான், ஒரு பக்கம் சரிவு.

இந்தமுறை பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கல் குவாரியில் முப்பது வருடம் உடைத்தவர். இந்த மலையைச் சுற்றியே பிழைத்தவர், ஆனால் மேலே ஏறியதில்லை. "அங்க என்னப்பு இருக்கு, பாறைதானே" என்றுதான் கிளம்பினார்.

ஏழடிப்பட்டம் என்பது மலையின் கிழக்கு முகத்தில் இயற்கையாக அமைந்த குகை. பாறையில் வெட்டிய ஏழு காலடிப் பிடிப்புகளால் இந்தப் பெயர் என்கிறார்கள். உள்ளே 17 படுக்கைகள். தலைமாடு உயர்த்தி வெட்டி, உடம்பு படும் இடம் கண்ணாடிபோலத் தேய்க்கப்பட்டிருக்கிறது. இப்போது கம்பி அடைப்பு உண்டு, எட்டிப் பார்க்கலாம். பெரியம்மா கம்பிக்குள் கையை நுழைத்துத் தொட முயன்றார், எட்டவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உளி வச்சுக் கொத்துறது பெரிசில்ல. இது தேய்ச்ச வேலை. மணலும் தண்ணியும் ஊத்தி ஊத்தித் தேய்க்கணும். தண்ணிய யாரு மேல சுமந்தா?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை. மலையிலேயே நாவச்சுனை என்று ஒரு சுனை இருக்கிறது, அதன் நீருக்குள் மூழ்கிய சிறு குடைவரைச் சிவன் கோயிலும் உண்டு. அங்கிருந்து சுமந்திருக்கலாம் என்று சொன்னேன். "சுனைல எடுத்தாலும் சுமக்கத்தானே வேணும்" என்றார்.

மேற்சொன்ன படுக்கைகளில் பெரிய ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. கி.மு. முதலிரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்தது, இன்னும் முந்தியது என்பாரும் உண்டு. இந்தக் குகைகளின் எழுத்தை வெள்ளைக்காரர் காலத்து அறிஞர்கள் பாலியாகவும் பிராகிருதமாகவும் படிக்க முயன்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, 1924இல் சென்னையில் நடந்த கீழ்த்திசை மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவை தமிழ் என்று எடுத்துக் காட்டினார். பிறகு ஐராவதம் மகாதேவன் வாழ்நாள் உழைப்பாக 2003இல் எல்லாவற்றையும் தொகுத்துத் தந்தார். அவர் வழிவந்த வாசிப்பின்படி செய்தி இதுதான்: எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி என்பவருக்குத் தென்கு சிறுபோசில் இளையர் செய்த இருக்கை. எருமி நாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம். இருக்கையைக் குறிக்கும் 'அதிட்டானம்' வடக்கேயிருந்து வந்த சொல். ஆக 'தமிழ் மரபின் தனிமை' என்று விளம்பர ஏட்டில் நான் எழுதிய முதல் சான்றே வெளியூர்க்காரர் ஒருவருக்கு உள்ளூர்க்காரர்கள் போட்டுக் கொடுத்த படுக்கை! தூய மரபு தேடுகிறவர்களுக்கு இந்தக் கல் அவ்வளவாக ஒத்துழைக்காது.

என் அக்கறை வேறு. ஒரு வரிதான் வெட்ட இடம். அந்த ஒரு வரியில் படுத்தவர் பெயரும் இருக்கிறது, செய்தவர் பெயரும் இருக்கிறது. இரண்டு பெயர்களுக்கும் ஒரே எழுத்து, ஒரே ஆழம். பின்னால் பல நூற்றாண்டு கழித்து மற்றப் படுக்கைகளில் பெயர்கள் வெட்டினார்கள். திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன் என்று வருபவை எல்லாம் துறவிகளின் பெயர்கள். செய்தவன் பெயர் அந்தப் பட்டியலில் காணாமல் போய்விட்டது. குகை அதே குகைதான். நினைவுகூர்தலின் ஒழுங்கு மாறிவிட்டது.

இங்கே அவசரப்பட்டுவிடக் கூடாது. 'செய்த' என்றால் கையால் செய்ததா, காசு கொடுத்துச் செய்வித்ததா? அரசன் எடுத்த கோயில் என்கிறோம், அரசன் எங்கே கல் சுமந்தான். தமிழ் படித்தவன் இங்கே கொஞ்சம் இலக்கணம் பேச வேண்டியிருக்கிறது. மதுரைக்குப் பக்கத்து மாங்குளத்தில் நெடுஞ்செழியனின் ஆள் ஒருவர் கணிநந்தன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே வினை தெளிவான பிறவினை, 'கொட்டுவித்த' என்பதன் பழைய வடிவம். அதாவது வெட்டச் செய்த. வெட்டியவன் வேறு, வெட்டச் சொன்னவன் வேறு என்பதை அந்த மொழி அறிந்திருக்கிறது, எழுதியும் வைத்திருக்கிறது. சித்தன்னவாசலில் அந்த விகுதி இல்லை. வெறும் 'செய்த'. இன்னொன்று, சங்கப் பாடல்களில் 'இளையர்' என்ற சொல் தலைவனோடு செல்லும் ஏவலர்கள், வீரர்கள் என்ற பொருளில் நெடுகப் புழங்குகிறது. இந்த இளையர் அந்த இளையரா, அல்லது ஒரு மனிதரின் பெயரா, ஓர் ஊர்க்குழுவா? விகுதி ஒன்றை வைத்து உழைப்பாளி வர்க்கத்தைத் தோண்டியெடுத்துவிட்டதாகக் கூத்தாட நான் தயாரில்லை. நம் வட்டத்தில் அப்படிப்பட்ட தோண்டல்கள் நிறைய நடந்திருக்கின்றன. (பிரெக்டின் கேள்வி எல்லாருக்கும் மனப்பாடம், அதை விட்டுவிடுகிறேன்.) எனக்குத் தேவைப்படுவது இவ்வளவுதான்: ஒதுங்கி வாழ வந்தவரின் படுக்கையில், அதை ஆக்கித் தந்த இன்னொரு தரப்பின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ஒதுங்குதல் என்பது ஓர் உறவு என்பதை அந்தக் குகை ஒளிக்கவில்லை.

இந்த உறவின் மறுமுனையில் யார் இருந்தார்கள் என்பதும் முக்கியம். அழகர்மலைக் குகையில் பெயர் வெட்டியிருப்பவர்களைப் பாருங்கள். உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொன் வேலைக்காரன். மாங்குளத்தில் வெள்ளறை வணிகச் சாத்து. புகழூரில் சேரக்குடி இளவரசன். உப்பும் இரும்பும் துணியும் விற்றவர்கள் தங்கள் பாதையோரக் குன்றுகளில் துறவிகளுக்கு இடம் செய்து கொடுத்தார்கள். பெருவழிகளையும் குகைத்தளங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் துறவின் வரைபடமும் வாணிபத்தின் வரைபடமும் பெரிய அளவு பொருந்துகின்றன. ஆகவே சமணக் குகையை மாசற்ற எளிமையின் பொற்காலமாகக் காட்டி இன்றைய உல்லாசத்தைத் திட்டுகிற சுலப வழி எனக்கு இல்லை. அன்றும் பின்னால் பணம் இருந்தது.

இருந்தும் ஒரு வித்தியாசம். சமணத் துறவி தன் கையால் சமைக்க முடியாது, விலை கொடுத்து வாங்க முடியாது, சேர்த்து வைக்க முடியாது. அவரது உணவு ஊருக்குள் போய் இல்லறத்தார் கையால் பெறுவது. மழைக்காலத்தில் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவது, காலடியில் நசுங்கும் உயிர்களுக்காக. அதனால் குகை எப்போதும் ஊரிலிருந்து நடந்து போய் வரும் தூரத்தில்தான் இருக்க முடியும். ஊர் கை விரித்தால் துறவி பட்டினி. பள்ளி என்ற சொல் படுக்கையிலிருந்து துறவியர் இருப்பிடமாகி, அங்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் இன்றைய பள்ளிக்கூடமாயிற்று என்று மயிலை சீனி. வேங்கடசாமி முதல் பலர் சொல்லியிருக்கிறார்கள். சோறு கொடுத்த ஊருக்கு எழுத்து திரும்பி வந்திருக்கிறது என்று இதைப் படிக்கலாம். யாருடைய பிள்ளைகளுக்கு வந்தது என்பது அடுத்த கேள்வி.

படுக்கையைப் பற்றி இன்னொன்று. உணவைத் துறந்து உயிர்விடும் சல்லேகனை நோன்பும் இத்தகைய படுக்கைகளில் நடந்ததாகச் சொல்கிறார்கள். உடம்பை விட்டுப் போவதற்காகப் படுத்த கல். விளம்பர ஏட்டில் இந்தக் கல்லின் குளிர்ச்சி முதுகுவலிக்கு நல்லது என்று ஒரு வரி இருக்கிறது. நான் எழுதியதில்லை.

மலை ஆளில்லாத இடம் என்பதுதான் ரிட்ரீட் சொல்லாடலின் முதல் புனைவு. சித்தன்னவாசலைச் சுற்றிலும் பெருங்கற்காலப் புதைகுழிகள், கல்வட்டங்கள். ஊரார் குரங்குப்பட்டறை என்பார்கள். துறவிகள் வருவதற்கு முன்பே மனிதர்கள் அங்கே வாழ்ந்து, செத்து, புதைந்திருக்கிறார்கள். குகைகள் கைமாறியதும் அமைதியாக நடக்கவில்லை. பக்கத்து நார்த்தாமலையில் சமணர் குடகு என்ற குகை 13ஆம் நூற்றாண்டு வாக்கில் விஷ்ணு கோயிலாகியிருக்கிறது. உள்ளே வரிசையாகப் பன்னிரண்டு விஷ்ணுக்கள் நிற்கிறார்கள், பெயர் மட்டும் இன்னும் சமணர் குடகு. ஆளுருட்டிமலை என்று ஒன்று, சமணப் படுக்கைகள் உள்ள இடம். மேலிருந்து ஆளை உருட்டிக் கொன்ற மலை என்று கதை. எந்த ஆளை என்று கதை சொல்வதில்லை.

ஃபூக்கோ 1967இல் ஆற்றிய உரையொன்றில், சமூகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு அதைத் தலைகீழாகக் காட்டும் இடங்களை வேற்றிடங்கள் என்று பெயரிட்டுப் பேசுகிறார். கல்லறை, தோட்டம், கப்பல், சிறை. மூன்று வாரம் ஆதிமனிதனாக இருந்துவிட்டு வரும்படி நகரத்தாருக்கு விற்கப்பட்ட விடுமுறைக் கிராமங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருப்பார். இத்தகைய இடங்களுக்குத் திறப்பதும் மூடுவதுமான ஒழுங்கு ஒன்று உண்டு, நினைத்தவர் நினைத்தபடி நுழைய முடியாது என்கிறார். சித்தன்னவாசலின் வாசலைப் பற்றிச் சொல்லாராய்ச்சிகள் பல உண்டு, அவற்றைவிட இது எனக்குப் பயன்படுகிறது. ஏழு பிடிப்புகளில் கால்வைத்து ஏறுவது ஒரு நுழைவு. கடன் அட்டை இன்னொரு நுழைவு. இரண்டிலும் நுழைய முடியாமல் கீழே நிற்பவர் ஒருவர் இருக்கிறார், ஆனால் முதலாவதில் துறவியே தினமும் கீழே இறங்கி அவர் வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

இந்த இறங்கி வருதல் எப்போது நின்றது? வெள்ளைக்காரன் மலையேறியபோது என்று சொல்வேன். கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குப் போகிறார், தோடர்களிடம் நிலம் வாங்குகிறார், கல் பங்களா கட்டுகிறார். சில பத்தாண்டுகளில் சென்னை மாகாண அரசே கோடைதோறும் உதகைக்கு இடம்பெயர்கிறது. 1845இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் வீடு கட்டுகிறார்கள். சமவெளிக் காலராவிலும் காய்ச்சலிலும் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள், அவர்களின் துயரம் பொய்யில்லை. ஆனால் மோட்டார் சாலை வரும்வரை அவர்கள் ஏறியது எப்படி? மலையடிவாரக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் கூலியாட்கள் தோளில். அந்தப் பாதைக்கே கூலிக் கணவாய் என்றுதான் பெயர். பழனிமலையில் ஏற்கெனவே இருந்த பளியரும் புலையரும் பயணக் குறிப்புகளில் மரஞ்செடியோடு செடியாக வருகிறார்கள். எங்கள் தொண்டைமான் மன்னர்களும் பின்தங்கவில்லை, கொடைக்கானலில் அவர்களுக்கும் ஒரு கோடை மாளிகை. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கை மணந்து, கடைசியில் சமஸ்தானத்தையே விட்டு ஒதுங்கி 1928இல் பாரிஸில் இறந்தார். காதல் கதையாக இதை எழுதுகிறவர்கள் உண்டு. வானம் பார்த்த பூமியின் வரிப்பணத்தில் ஒதுங்கினார் என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதிய 'நாடும் நகரமும்' நூலில் ஆங்கிலேயப் பண்ணை மாளிகைக் கவிதைகளை ஆராய்கிறார். அங்கே மீனும் பறவையும் தாமாக வந்து விருந்து மேசையில் விழுகின்றன, பிடித்தவனும் சமைத்தவனும் கவிதையில் இல்லை. விருந்தோம்பலின் புகழே உழைப்பை அழித்துத்தான் கட்டப்படுகிறது என்பது அவர் கண்டது. நம் ரிட்ரீட் ஏட்டில் இந்த மந்திரம் செயப்பாட்டு வினையாக வருகிறது. சுவர்கள் மண்ணால் எழுப்பப்பட்டன. உணவு விறகடுப்பில் சமைக்கப்படுகிறது. படுக்கைகள் கையால் இழைக்கப்பட்டன. யாருடைய கையால்? 'கையால் செய்தது' என்பதற்குத் தனி விலை உண்டு, கைக்கு மட்டும் ஆள் கிடையாது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கல்வெட்டில் எழுவாய் இருக்கிறது, பளபளக்கும் தாளில் இல்லை.

மூடு மாறிவிடக் கூடாது என்பதற்காகக் கொடைக்கானலில் நடந்த ஒன்றையும் யாரும் சொல்வதில்லை. 1990களில் ப்ளசண்ட் ஸ்டே என்ற ஓட்டல், இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கி ஏழு தளம் எழுப்பியது. பழனிமலைப் பாதுகாப்புக் குழு வழக்குப் போட்டது, அன்றைய அரசு விதிவிலக்குத் தந்தது, நீதிமன்றம் கூடுதல் தளங்களை இடிக்கச் சொன்னது. விதிவிலக்குத் தந்த விவகாரத்தில் 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது (2001 டிசம்பரில் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்). அன்றைக்குத் தருமபுரி அருகே கட்சிக்காரர்கள் கொளுத்திய பஸ்ஸில், கல்விச் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் எரிந்து செத்தார்கள். மலைக்காட்சி நன்றாகத் தெரியும் ஐந்து தளங்களின் வரலாற்றில் அந்த மூன்று பெண்களும் சேர்த்தி. 2024 மே மாதம் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் உதகைக்கும் கொடைக்கும் இ-பாஸ் வந்தபோது, மலை எத்தனை வண்டி தாங்கும் என்று கணக்குப் பார்த்தார்கள். தேவையான கணக்குதான். அதைக் காட்டியே, கூட்டம் மலையைக் கெடுக்கிறது, பன்னிரண்டு குடில்காரர்களான நாங்கள் காப்பாற்றுகிறோம் என்று பேசும் வாய்ப்பும் ரிட்ரீட்டுக்குக் கிடைத்தது. சூழலியல் மொழி எவ்வளவு சீக்கிரம் வேலியாகிறது என்பதைச் செயல்பாட்டு நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

கல்லுக்குத் திரும்புகிறேன். குடுமியான்மலைப் பக்கத்துக் குவாரிகளில் எங்கள் ஆட்கள் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கி, அதைக் கழிக்கவே ஆயுள் முழுக்க உடைத்தார்கள். கொத்தடிமை என்று சட்டம் சொல்லும், வீட்டில் 'கடன்' என்போம். 1991இல் அறிவொளி இயக்கம் வந்தது. பெண்கள் எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டதை உலகமே எழுதியது. அதே காலத்தில் நடந்து, அவ்வளவாகப் பேசப்படாதது இது: கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் கல் குவாரிகளை உடைக்கிற பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட ஏற்பாடு செய்தார். ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பி. சாய்நாத் நேரில் வந்து பார்த்து எழுதியிருக்கிறார். பெரியம்மா அப்போது முப்பத்தைந்து வயசுக்காரி. லோடு கணக்கைத் தானே எழுதியதை, எத்தனை அடி, என்ன விலை என்று லாரிக்காரனிடம் நோட்டைக் காட்டிச் சண்டை போட்டதை இன்றைக்கும் சொல்வார். "அதுவரைக்கும் அவன் சொன்னதுதான் கணக்கு. பொறவு நான் எழுதுனது கணக்கு." சைக்கிளைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார், கணக்கு நோட்டைப் பற்றிக் கேட்டால்தான் குரல் உயரும்.

அறிவொளி வெறும் எழுத்துக்கூட்டல் என்று நம் சிறுபத்திரிகைக்காரர்களில் சிலர் ஏளனம் பேசியதுண்டு, அரசுத் திட்டம் என்ற ஒவ்வாமையால். குவாரியில் அந்த எழுத்து என்ன செய்தது என்று அவர்கள் பார்க்கவில்லை. உடைத்தவளின் பெயர் அவள் உடைத்த கல்லின் கணக்கோடு சேர்ந்து அவள் கையாலேயே எழுதப்பட்டது. சித்தன்னவாசல் வரிக்கு இதைவிட நெருக்கமான உறவுக்காரி வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் விஷயத்தில் பெரியம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. ரிட்ரீட் ஏட்டில் மலைச்சுனை நீரைப் பற்றி அரைப் பக்கம். செம்புக் குடம், மண்பானை, படங்கள் அழகாகவே இருக்கின்றன. நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிற சித்தன்னவாசல் அன்னவாசல் ஒன்றியத்தில் இருக்கிறது. 2022 டிசம்பர் 26 அன்று தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்த வேங்கைவயலும் அதே ஒன்றியம். யார் எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்ற கேள்வி தீராத ஊரில் 'தூய நீர்' என்ற சொல்லை அத்தனை லேசாக என்னால் எழுத முடியவில்லை, எழுதியும் கொடுத்துவிட்டேன் என்பது வேறு. அந்த அரைப் பக்கம் என்னுடையதுதான்.

இறங்கி வரும்போது பெரியம்மா பாறைச் சரிவில் நின்று குவாரிப் பக்கம் கை காட்டினார். அரைமணி நேரம் கல்லின் ஓட்டத்தைப் பற்றிப் பேசினார். எந்தப் பாறை பிளக்கும், எது சில்லாக நொறுங்கும், எதில் ஆப்பு இறங்காது. சமணர் படுக்கைக் கல் நல்ல கெட்டிக் கல் என்றார். அதைத் தேர்ந்தெடுத்தவனுக்குக் கல் தெரிந்திருக்கிறது, ஆனால் குளிரில் அதில் படுப்பது கஷ்டம், சாக்கு போட்டிருப்பார்கள் என்றார்.

எடுக்கப்பட்ட பத்தியைப் பற்றிக் கேட்ட நண்பர்களுக்காக: அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஐந்து வரி. சித்தன்னவாசலில் படுத்தவர் பெயரோடு செய்தவர் பெயரும் வெட்டியிருக்கிறது என்று ஒரு வரி. இந்தக் குடிலின் கல் புதுக்கோட்டை மாவட்டத்தில் வெட்டி இழைக்கப்பட்டது என்று ஒரு வரி. வேலை செய்தவர்கள் என்று போட்டு, கீழே இடம் விட்டிருந்தேன். பெயர்களைக் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள், அவர்களையே எழுதச் சொன்னாலும் எழுதுவார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தேன்.